உள்ளூர்ப் பெண்ணுக்கு ஏன் கிரீடம் கிடைப்பதில்லை?

உலக அழகிப் பட்டத்தை இந்தியப் பெண்கள் இதுவரை 6 முறை வாங்கியிருக்கிறார்கள். 1966-ல் ரீட்டா ஃபரியா, 1994-ல் ஐஸ்வர்யா ராய், 1997-ல் டயானா ஹெய்டன், 1999-ல் யுக்தா முகி, 2000-ல் பிரியங்கா சோப்ரா, 2017-ல் மானுஷி சில்லர். பிரபஞ்ச அழகிப் பட்டம் 3 முறை: 1994-ல் சுஷ்மிதா சென், 2000-ல் லாரா தத்தா, 2021-ல் ஹர்னாஸ் சாந்து. இந்த 9 கிரீடங்களும் சூட்டப்பட்ட ஊர்களைப் பாருங்கள். லண்டனில் மூன்று, மீதியெல்லாம் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி, செஷல்ஸ் தீவு, சீனாவின் சான்யா, பிலிப்பைன்ஸின் மணிலா, சைப்ரஸின் நிகோசியா, இஸ்ரேலின் ஐலத். இந்திய மண்ணில் வைத்து வாங்கியது ஒன்றுகூடக் கிடையாது.

இத்தனைக்கும் உலக அழகிப் போட்டி நம் நாட்டிலேயே மூன்று முறை நடந்திருக்கிறது. 1996-ல் பெங்களூரில் ராணி ஜெயராஜ் கடைசி 5 பேரில் ஒருவராக நின்றார். 2024 மார்ச்சில் மும்பையில் சினி ஷெட்டி கடைசி 8 பேர் வரை வந்தார். 2025 மே 31-ல் ஐதராபாத்தில் நந்தினி குப்தா கடைசி 20 பேர் வரை வந்தார், அதோடு சரி. கிரேக்கம், செக் குடியரசு, தாய்லாந்து என்று மூன்று முறையும் கிரீடம் விமானம் ஏறிவிட்டது, அதுவும் ஒவ்வொரு முறையும் நம் பெண் முந்தைய முறையைவிடச் சீக்கிரமாகவே மேடையை விட்டு இறங்கியிருக்கிறார்.

ஐதராபாத் முடிவு வந்த மறுநாள் கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டு டீக்கடையில் மாங்காய் மண்டிக்கு லோடு கொண்டுவந்த ஒரு அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஊர்ல நடத்தி, நம்ம காசுல சோறு போட்டு, கிரீடத்த தாய்லாந்துக்காரிக்குக் குடுத்தனுப்பிட்டானுங்க, என்னா நியாயம் இது?" சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். ஐதராபாத் என்ன தூரத்து ஊரா, இங்கே நம் வாசலில் ஓடும் 44-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஓசூர், பெங்களூர் தாண்டி நேரே அங்கே போய்ச் சேரலாம், அதனால் கோபமும் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

அந்தக் கோபத்துக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது. போட்டி யார் வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டுப் பெண் ஜெயித்தாக வேண்டும், ஜெயிக்கவில்லை என்றால் ஏதோ கோளாறு என்று. இதைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம். அழகிப் போட்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் படிக்கலாம், பெரிய கணக்கு எதுவும் இல்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். உலக அழகி என்பது மிஸ் வேர்ல்டு, பிரபஞ்ச அழகி என்பது மிஸ் யுனிவர்ஸ். இரண்டும் வேறு வேறு கம்பெனி நடத்தும் வேறு வேறு போட்டி. முன்னது 1951-ல் லண்டனில் எரிக் மோர்லி என்பவர் ஆரம்பித்தது, பின்னது 1952-ல் அமெரிக்காவின் லாங் பீச்சில் தொடங்கியது. எந்த நாட்டு அரசாங்கமும் இதற்குச் சொந்தக்காரர் கிடையாது. ஒரு ஊரில் போட்டி நடக்கிறது என்றால் அந்த ஊர் இடமும் ஏற்பாடும் தருகிறது, விதிமுறை கம்பெனியுடையது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நம் பக்கத்து எருது விடும் விழாவையே எடுத்துக்கொள்ளலாம். பொங்கல் கழிந்ததும் சூளகிரிப் பக்கமோ வேப்பனப்பள்ளிப் பக்கமோ ஒரு ஊரில் விழா வைக்கிறார்கள், சுற்றுவட்டாரம் முழுக்க, ஆந்திரா கர்நாடகா எல்லை தாண்டியும் 200 காளைகள் வண்டியேறி வருகின்றன என்று வையுங்கள். குறிப்பிட்ட தூரத்தை யார் குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அந்தக் காளைக்கு முதல் பரிசு. விழா வைத்த ஊரின் காளை அதில் ஒன்றே ஒன்று. பந்தல் அவர்களுடையது, மைக் அவர்களுடையது, இரண்டு பக்கமும் நின்று விசில் அடிக்கிற கூட்டமும் அவர்களுடையது, அந்தக் காளைக்கும் அந்தத் தெரு கன்றுக்குட்டியிலிருந்து பழக்கம். சரி, இவ்வளவும் இருப்பதால் முதல் பரிசு அதற்குத்தான் என்று கையில் இருக்கும் பணத்தை யாராவது கட்டுவார்களா? மாட்டோம். மீதி 199 காளைகள் சும்மா வேடிக்கை பார்க்க வரவில்லை என்று நமக்குத் தெரியும்.

அழகிப் போட்டி என்று வந்தால் மட்டும் இந்தப் புத்தி வேலை செய்வதில்லை. ஐதராபாத்துக்கு வந்தவர்கள் 108 பேர். எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்தால் நம் பெண் ஜெயிக்க நூற்றுக்கு ஒன்றுகூட முழுதாக வராது. மூன்று முறை நடத்தியதையும் சேர்த்தால், ஒரு தடவையாவது ஜெயித்திருக்க வாய்ப்பு சுமார் நூற்றுக்கு மூன்று. சரி, இந்தியா என்ன சாதாரண நாடா, 6 முறை ஜெயித்த நாடாச்சே என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் நம் பெண்ணுக்கு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு வாய்ப்பு என்று தாராளமாகக் கொடுத்துவிடுவோம், ஒவ்வொரு முறையும் நூற்றுக்குப் பத்து. அப்போதும் ஒரு போட்டியில் தோற்க நூற்றுக்கு 90, மூன்றிலும் தொடர்ந்து தோற்க 0.9-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், 0.729 வரும். அதாவது பத்து மடங்கு பலசாலியாக இருந்தாலும் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்ப நூற்றுக்கு 73 வாய்ப்பு. நடந்தது அதுதான். இதில் சதியும் இல்லை, சாபமும் இல்லை.

அப்போ சொந்த மண்ணின் பலம் என்று ஒன்றுமே கிடையாதா என்று கேட்டால், உண்டு, நன்றாகவே உண்டு. பிரிட்டனைப் பாருங்கள். உலக அழகிப் போட்டி 1951-லிருந்து 1988 வரை வருஷா வருஷம் லண்டனில்தான் நடந்தது, 38 முறை. அதில் பிரிட்டன் ஜெயித்தது 5 முறை: 1961, 1964, 1965, 1974, 1983. 1974-ல் ஜெயித்த ஹெலன் மோர்கன் நாலே நாளில் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அது தனிக்கதை. போட்டி லண்டனை விட்டு உலகம் சுற்றக் கிளம்பியதும் பிரிட்டன் ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. சீனாவும் அதே மாதிரிதான். 2003-லிருந்து 2018-க்குள் சீனாவில் 9 முறை நடந்தது, 2007-ல் சான்யாவில் சாங் சிலின், 2012-ல் ஓர்டோஸில் யூ வென்சியா என்று இரண்டு முறை சீனப் பெண் ஜெயித்தார். சீனா வாங்கியதே அந்த இரண்டு கிரீடம்தான், இரண்டும் வீட்டிலேயே. பிரபஞ்ச அழகியில் 1952 முதல் 1971 வரை முதல் 20 போட்டிகளும் அமெரிக்காவில் நடந்தன, அமெரிக்கப் பெண்கள் 4 முறை ஜெயித்தார்கள். 2001-ல் போர்ட்டோ ரிகோ தன் ஊரான பயமோனில் போட்டியை நடத்தி, தன் பெண் டெனிஸ் கின்யோனெஸுக்கே கிரீடம் சூட்டிப் பார்த்தது.

நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று என்று போக வேண்டிய வாய்ப்பு சீனாவுக்கு ஒன்பதில் இரண்டாக இருக்கிறது, அமெரிக்காவுக்கு ஐந்தில் ஒன்றாக இருக்கிறது. ஆக, வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கல் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே எண்ணை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். பிரிட்டன் 38-ல் 33 முறை தன் வீட்டிலேயே தோற்றது. அமெரிக்கா 20-ல் 16 முறை. சீனா 9-ல் 7 முறை. இவர்கள்தான் சொந்த மண்ணில் நன்றாகச் செய்தவர்கள்! முதல் உலக அழகிப் போட்டியிலேயே மேடையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பிரிட்டன் பெண்கள், ஜெயித்தது ஸ்வீடனின் கிக்கி ஹோகன்சன். வீட்டில் தோற்பது வழக்கம், ஜெயிப்பதுதான் எப்போதாவது நடக்கிற விஷயம்.

மற்ற நாடுகளும் நம்மைப் போலத்தான். பிலிப்பைன்ஸில் அழகிப் போட்டி என்றால் நம்மூர் கிரிக்கெட் மாதிரி, தெருவெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். பிரபஞ்ச அழகிப் பட்டம் 4 முறை (1969, 1973, 2015, 2018) வாங்கியது, நாலும் வெளிநாட்டில். மணிலாவில் மூன்று முறை நடத்தியது, மூன்றிலும் இல்லை. தென்னாப்பிரிக்கா உலக அழகிப் போட்டியைச் சன் சிட்டியிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் திரும்பத் திரும்ப நடத்தியும் வீட்டில் ஜெயித்ததில்லை, அவர்கள் வாங்கிய பட்டமெல்லாம் லண்டனில் வாங்கியது.

1994 மணிலாவைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் அதில் நாமும் இருக்கிறோம். உள்ளூர்ப் பெண் சார்லின் கொன்சாலஸ். மேடையில் தொகுப்பாளர் அவரிடம் பிலிப்பைன்ஸில் எத்தனை தீவுகள் என்று கேட்கிறார். சார்லின் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்டார், கடல் ஏறியிருக்கும்போதா, வற்றியிருக்கும்போதா என்று. ஏழாயிரத்துச் சொச்சம் தீவு உள்ள நாட்டில் ஓதம் ஏறினால் சில தீவு முங்கிப்போகும், இறங்கினால் தலைகாட்டும். அரங்கமே அதிர்ந்தது, இன்றுவரை அந்த நாட்டில் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கூட்டம் அவர் பக்கம், பேச்சு அவர் பக்கம், தேசிய உடைப் பரிசும் அவருக்குத்தான். கடைசி 6 வரை போனார், கடைசி 3-ல் இல்லை. அந்தக் கிரீடத்தைத்தான் சுஷ்மிதா சென் வாங்கினார். அதே வருஷம் சன் சிட்டியில் ஐஸ்வர்யா ராய்க்கு அடுத்த இடத்தில் நின்றவர் உள்ளூர்ப் பெண்ணான பசெட்சானா மக்கலெமேலே. மணிலாவிலும் சன் சிட்டியிலும் அன்றைக்கு ஏதாவது ஒரு டீக்கடையில் நம்ம அண்ணன் சொன்னதையே அவர்கள் பாஷையில் யாராவது சொல்லியிருப்பார்கள். நாம் இங்கே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தோம்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது, சொந்த மண் கை கொடுப்பது பாதி வழி வரைக்கும்தான். நூறு முகங்கள் வரிசையாக வரும்போது கைதட்டல் எழும் முகத்தை யாருமே இன்னொரு தரம் பார்ப்பார்கள், நடுவரும் மனுஷர்தானே. கொரோனா காலத்தில் காலி மைதானத்தில் கால்பந்து ஆடியபோது சொந்த மைதானத்து அணிகளின் சாதகம் குறைந்தது, அதனால் கூட்டத்தின் சத்தத்துக்கு மதிப்பு உண்டு என்பது வெறும் பேச்சு இல்லை. பிரபஞ்ச அழகிப் போட்டியில் 2017-ல் மணிலாவில் பிலிப்பைன்ஸ் கடைசி 6, 2018-ல் பாங்காக்கில் தாய்லாந்து கடைசி 10, 2023-ல் சான் சால்வடாரில் எல் சால்வடார் கடைசி 10, 2024-ல் மெக்சிகோ சிட்டியில் மெக்சிகோ மூன்றாம் இடம் என்று உள்ளூர்ப் பெண்கள் நடுவில் வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. எப்போதும் நடக்கும் என்று சொல்ல முடியாது, ஹர்னாஸ் ஜெயித்த ஐலத்தில் இஸ்ரேல் பெண் முதல் 16-க்குள்ளேயே வரவில்லை. ஆனால் கடைசி ஐந்தாறு பேர் ஆனபின் எல்லோரும் தேர்ந்தெடுத்த ஆட்கள், ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள், அங்கே கைதட்டலின் எடை குறைந்துபோகிறது. அதற்குமேல் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பாரமும் உண்டு. மற்ற பெண்கள் தோற்றால் விமானம் ஏறிப் போய்விடலாம், இவர் காலையில் அதே ஊரில்தான் கண் விழிக்க வேண்டும்.

இந்தியா விஷயத்தில் பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உலக அழகிப் போட்டியில் இப்போது கண்டம் வாரியாக வடிகட்டுகிறார்கள். ஐதராபாத்தில் ஆப்பிரிக்கா, அமெரிக்காவும் கரீபியனும், ஐரோப்பா, ஆசியாவும் ஓஷியானியாவும் என்று நாலு கூடை. ஒரு கூடைக்கு 10 பேர் வீதம் 40 பேர், அப்புறம் கூடைக்கு 5 வீதம் 20, அப்புறம் கூடைக்கு 2 வீதம் 8, கடைசியில் கூடைக்கு ஒருவர் வீதம் 4. அந்த 4 பேரில் இருந்துதான் உலக அழகி. இப்போது நந்தினி குப்தாவின் நிலைமையைப் பாருங்கள். முன்னதாக நடந்த மாடல் சுற்றில் ஆசியாவில் முதலாவதாக வந்து, முதல் 40-க்குள் நேராக இடம் பிடித்துவிட்டார். 20-லும் இருந்தார். அடுத்து ஆசியக் கூடையில் இருக்கும் இரண்டே இடத்துக்குப் போட்டி, அதைத் தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் எடுத்துக்கொண்டன. அழகிப் போட்டிக்கென்றே பெண்களைப் பழக்குகிற இரண்டு நாடுகள், நம் கூடையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஐரோப்பாக்காரியும் ஆப்பிரிக்காக்காரியும் நம் பெண்ணை இந்த இடத்தில் தோற்கடிக்கவே இல்லை, தோற்கடிக்க அவர்களுக்கு வழியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் தோற்கடித்தார். அதில் ஒருவரான ஓபல் சுசாட்டா கடைசியில் உலக அழகியே ஆனார் என்பதால், யாரிடம் தோற்றோம் என்பதில் பெரிய வெட்கம் ஒன்றும் இல்லை.

மும்பையிலும் இதே முறைதான். கடைசி 8-ல் ஆசியாவின் இரண்டு இடம் இந்தியாவுக்கும் லெபனானுக்கும். 4 ஆகக் குறைத்தபோது ஆசியாவுக்கு ஒரு நாற்காலிதான், அதில் லெபனானின் யாஸ்மினா ஜைத்தூன் உட்கார்ந்தார், சினி ஷெட்டி வெளியே. யாஸ்மினா இரண்டாம் இடம் வரை போனார். 8-க்கும் 20-க்கும் நடுவே இருப்பது பெரிய சரிவு போலத் தெரிகிறதே, கூடைக் கணக்கில் பார்த்தால் அது ஒரே ஒரு படி.

1996-ல் விஷயம் வேறு. அன்றைக்குக் கிருஷ்ணகிரி தனி மாவட்டம்கூடக் கிடையாது, தருமபுரிக்குள் இருந்தது (பிரித்தது 2004-ல்தான்). இங்கிருந்து பஸ் ஏறினால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் சின்னசாமி ஸ்டேடியத்தில் நவம்பர் 23-ல் இறுதிச் சுற்று, ஏற்பாடு அமிதாப் பச்சனின் கம்பெனி. எதிர்ப்பு என்றால் சாதாரண எதிர்ப்பு இல்லை, விவசாய சங்கத்துக்காரர்கள், பெண்கள் அமைப்புகள், இடதுசாரி, வலதுசாரி என்று ஒன்றுக்கொன்று ஆகாதவர்களெல்லாம் ஒரே பக்கம் நின்றார்கள். மதுரையில் ஒரு இளைஞர் தீக்குளித்து இறந்துபோனார். நீச்சலுடைச் சுற்றை இந்தியாவை விட்டே தூக்கிக்கொண்டு போய் செஷல்ஸில் நடத்தினார்கள். ஊர் முழுக்க போலீஸ். சொந்த மண் பலம் என்கிறோமே, மண்ணே இரண்டாகப் பிளந்து கிடக்கும்போது அந்தப் பெண்ணுக்கு என்ன பலம் கிடைத்திருக்கும்? அப்படியும் ராணி ஜெயராஜ் கடைசி 5 வரை வந்தார். மூன்றில் இதைத்தான் நான் பெரிய விஷயம் என்பேன்.

இனி டீக்கடையின் இன்னொரு பேச்சு. "கிரீம் விக்கத்தாம்பா குடுக்குறானுங்க, மார்க்கெட் எங்க இருக்கோ அங்க கிரீடம்." 1994-லிருந்து 2000-க்குள் இந்தியாவுக்குக் கிரீடம் மழையாகக் கொட்டியதை வைத்துப் பார்த்தால் இது நம்பும்படியாகத்தான் இருக்கிறது, பொருளாதாரம் திறந்துவிட்ட காலம், அழகுசாதனக் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்த காலம். ஆனால் ஒரு பேச்சைச் சோதிக்க வேண்டுமென்றால் அது பொய்யாகிற இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். இன்றைக்கு உலகத்தில் அதிக ஜனத்தொகை உள்ள நாடு, அந்த நாட்டிலேயே அடுத்தடுத்து இரண்டு வருஷம் போட்டி, மார்க்கெட்டுக்குத்தான் கிரீடம் என்றால் அந்த இரண்டில் ஒன்றாவது இங்கே தங்கியிருக்க வேண்டுமே. செக் குடியரசில் என்ன பெரிய கிரீம் மார்க்கெட்? இன்னொரு பக்கம் வெனிசுவேலா, பிரபஞ்ச அழகி 7 முறை, உலக அழகி 6 முறை. அங்கே சந்தை பெரிது என்று யாரும் சொல்லமாட்டார்கள், பெண்களைப் பல வருஷம் பழக்கிப் பழக்கி அனுப்புவதை ஒரு தொழிலாகவே வைத்திருக்கிறார்கள். கம்பெனி பக்கமிருந்து யோசித்தாலும், நடத்துகிற நாட்டுக்கே அடிக்கடி கிரீடம் போனால் அடுத்த வருஷம் நூறு நாடு எதற்காகப் பெண்களை அனுப்பும்?

அப்போ நடத்துகிற நாட்டுக்கு என்ன லாபம் என்று என் அக்கா மகள் கேட்டாள், பர்கூர் பொறியியல் கல்லூரியில் படிக்கிறவள், சட்டென்று விடமாட்டாள். விளம்பரம்தான். தெலங்கானா அரசு அந்த 108 பேரையும் சார்மினார், ராமப்பா கோயில், போச்சம்பள்ளி நெசவு என்று சுற்றிக்காட்டி, போகிற இடத்திலெல்லாம் கேமராவை வைத்தது. நடுவில் வாரங்கல் பக்கம் வந்த பெண்களுக்கு உள்ளூர்ப் பெண்களை வைத்துக் கால் கழுவிவிட்ட விவகாரம் அரசியலாகி மானம் போனது வேறு. காசு கொடுத்து வாங்கியது அந்தப் படங்களைத்தான், கிரீடம் அந்தப் பில்லில் இல்லை.

"அப்போ நம்மாளுங்க வெளியூர்ல போனா மட்டும் ஜெயிப்பாங்களா?" என்று அடுத்த கேள்வி. அதுவும் கிடையாது. நம் திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸ் 2018-ல் மிஸ் இந்தியா ஆகி சான்யா போனார், கடைசி 30 வரை வந்தார். இந்தியா வெளிநாட்டில் எத்தனையோ வருஷம் போய், பெரும்பாலான வருஷம் சும்மாதான் திரும்பியிருக்கிறது, அந்த வருஷங்களை யாரும் செய்தித்தாளில் பெரிதாகப் போடுவதில்லை. வெளியே போன வருஷங்கள் பல பத்து, அதில் 9 கிரீடம். வீட்டில் நடந்தது மூன்றே மூன்று. மூன்றை வைத்து ராசி பார்க்க முடியாது.

இதற்கு 2025-லேயே ஒரு சோதனை நடந்துவிட்டது. மே மாதம் ஐதராபாத்தில் வந்து உலக அழகிக் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு போன தாய்லாந்து, நவம்பரில் பாங்காக்கை ஒட்டிய நோந்தபுரியில் பிரபஞ்ச அழகிப் போட்டியை நடத்தியது. அவர்கள் நடத்துவது நாலாவது முறை, கையில் இருக்கும் இரண்டு பிரபஞ்ச அழகிப் பட்டமும் (1965, 1988) வெளிநாட்டில் வாங்கியவை. இந்தத் தடவை அவர்கள் சார்பில் நின்றவர் பிரவீனார் சிங், இந்திய வம்சாவளிப் பெண். கடைசி இரண்டு பேர் வரை வந்து மெக்சிகோவின் ஃபாத்திமா போஷிடம் கிரீடத்தை விட்டார். அக்கா மகள் அதை ராத்திரியே எனக்கு அனுப்பிவிட்டு, கீழே ஒரு வரி போட்டிருந்தாள்: "மாமா, இப்போ அங்க டீக்கடையில யாரு பேசறாங்களோ."